முப்பத்தாறாம் டோக்கன்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. பலகை நிறைய ஆணிகள். காலையில் உள்ளே நுழைகிற பிள்ளை, தன் பையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துத் தன் ஆணியில் மாட்டவேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகவேண்டும். என் நம்பர் பதினேழு. மறந்துவிட்டு வந்தால் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். மழை பெய்தாலும் அதேதான்.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்குள் கால் வைத்ததுமே அவர்களுடைய அம்மாவின் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் யாரும் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். அது மைன்ஸிலிருந்து, அதாவது தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த வழக்கம். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அவர் கீழே இருக்கும்வரை அது மேலே பலகையில் தொங்கும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஒரு டோக்கன் தொங்கினால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். சங்கு ஊதும். தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே மைன்ஸை மூடிவிட்டார்கள். டோக்கன் மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் டீச்சர்.

டீச்சரின் அப்பாவும் கீழே இறங்கி வேலை செய்தவர்தான். டீச்சர் பங்காருபேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அவர் பேசினால் கூரைத் தகரம் அதிரும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். யாரையும் பாராட்டமாட்டார். கணக்கு சரியாக இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த பிள்ளை அன்றைக்கு முழுதும் தலை நிமிர்ந்து திரிவான். ஒரு பையனின் அப்பா ஆயுதபூஜைக்கு ஒரு பெரிய பூசணிக்காயை மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் அதை வாங்கி நேராகச் சமையல்கட்டில் கொடுத்து, எல்லோருக்கும் சாம்பாரில் போடச் சொல்லிவிட்டார். கொடுத்தவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

எச்.எம். என்று நாங்கள் சொல்கிற தலைமையாசிரியர் அப்படியில்லை. பிறந்தநாள் என்று சொன்னால் சட்டைப் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுப்பார். கன்னத்தைத் தட்டுவார். எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் எச்.எம். நல்லவர், டீச்சர் பொல்லாதவர் என்றுதான் சொல்லியிருப்போம்.

டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரமே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. மைன்ஸை மூடிய பிறகு பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள். பிள்ளைகளும் கூடவே போனார்கள். அவர்களுடைய பெயர்கள் மட்டும் போகவில்லை. பள்ளியில் இருந்தது இருபத்தொன்பது பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் தினமும் ஆஜரானது நாற்பத்திரண்டு பேர். மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் நாற்பத்திரண்டு பேருக்கு வந்தன. மிச்சம் சனிக்கிழமை மதியம் எச்.எம்.மின் சிநேகிதர் ஸ்கூட்டரில் ஏறிப் போகும். அந்த மூட்டையில் சாக்பீஸ் போகிறது என்று நாங்கள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

இல்லாத பிள்ளைகளுக்கும் ஆஜர் போடச் சொல்லி எச்.எம். பதிவேட்டை டீச்சரிடம் நீட்டினார்.

"இல்லாத புள்ளைக்கு ஆஜர் போட எனக்குக் கை வராது சார்."

"நீங்க புதுசு டீச்சர். போகப் போகப் பழகிடும்."

"பழகாது சார்."

அன்றிலிருந்து பதிவேடு எச்.எம். அறை பீரோவுக்குள் போனது. அவரே எழுதி, அவரே பூட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம்தான் டீச்சர் ஒரு காலி எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு என் மாமாவைத் தேடி வந்தார். மாமா மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டார் பம்புகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். டின்னை வெட்டி, நம்பர் குத்தி, இருபத்தொன்பது டோக்கன் வேண்டும் என்றார் டீச்சர். பிள்ளைகளுக்குத்தானே, கூலி வேண்டாம் என்றார் மாமா.

"அப்போ தகரத்தை எடுத்துக்கினு போறேன்" என்று டீச்சர் எழுந்துவிட்டார். மாமா கூலி வாங்கிக்கொண்டார்.

மாமாவைப் பற்றிச் சொன்னால் அத்தையைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில் ஒரே லைன். என் அப்பா அம்மா இரண்டு பேரும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவதால் நான் வளர்ந்ததே அத்தை வீட்டில்தான். அவர்களுக்கு ஒரே பெண். எனக்கு அக்கா. எங்கள் பள்ளியில் நான்காவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அது டீச்சர் இங்கே வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு. அதன் பிறகு அத்தை மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். எச்.எம்.தான் வீட்டுக்கு வந்து, பள்ளிச் சமையலுக்கு இரண்டாவது ஆள் வேண்டும், நீ வாம்மா என்று கூப்பிட்டார். அத்தை தலைவாரிக்கொண்டு வெளியே வந்தது அந்தச் சமையல்கட்டுக்காகத்தான். "புள்ளைங்க சத்தத்துல இருந்தா மனசுக்கு நல்லாக் கீது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அந்த வேலை அத்தைக்கு வெறும் சம்பளம் இல்லை. இந்தக் கதை டீச்சர் காதுக்கும் போயிருந்தது.

பலகை வந்தபிறகு எச்.எம். கொஞ்ச நாள் வாடித்தான் போனார். யார் வந்து பார்த்தாலும் இருபத்தொன்பது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் கல்வி ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. எச்.எம். மாமாவிடம் வந்து, புதிதாகப் பிள்ளைகள் சேரப்போகிறார்கள், இன்னும் பதின்மூன்று டோக்கன் வேண்டும் என்றார். மாமாவும் முப்பது முதல் நாற்பத்திரண்டு வரை குத்திக் கொடுத்தார். டோக்கனில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. பதிவேட்டில், பள்ளியில் இல்லாத பதின்மூன்று பிள்ளைகளின் பெயர்களுக்கு நேராக எச்.எம். அந்த நம்பர்களைப் பென்சிலில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எண்ணிக்கை குறைஞ்சா சமையலுக்கு ஒரு ஆள் போதும்னு ஆர்டர் வந்துடும்மா. நான் இன்னா பண்றது? நீயே யோசிச்சுக்கோ."

அத்தை ராத்திரி முழுவதும் யோசித்தாரோ என்னவோ. காலையில் என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார்.

"டீச்சர் பஸ் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மாட்டிடு. யார்னா கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

எனக்கு ஒரே குஷி. அடுத்தவர் டோக்கனைத் தொடக்கூடாது என்பது டீச்சர் சட்டம். எனக்கோ ஒரே நாளில் பதின்மூன்று. ஸ்டூல் போட்டு ஏறி, எச்.எம். புதிதாக அடித்து வைத்திருந்த ஆணிகளில் ஒவ்வொன்றாக மாட்டினேன். எங்களுடைய டோக்கன்கள் வியர்வைக் கையிலும் பையிலும் கிடந்து கறுத்துப் போயிருந்தன. புதுசு பதின்மூன்றும் பளபளவென்று மின்னின. அது எனக்கு அழகாகத்தான் பட்டது.

டீச்சர் வந்தார். பலகை முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இதை யார் மாட்டினது?"

நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தேன். சமையல்கட்டில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ம்" என்றார். அது தலை நிமிர்ந்து திரிகிற "ம்" இல்லை.

எச்.எம். ஓடிவந்து, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். கழற்றி எறிந்துவிடுவாரோ என்று அவருக்குப் பயம்.

"நான் எதுக்கு சார் கழட்டுறேன்? அவங்கவங்க டோக்கனை அவங்கவங்கதான் கழட்டணும். சாயங்காலம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பாடம் எடுக்கப் போனார்.

அதிகாரி பதினொரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர். ஃபேன் கீழே உட்கார வைத்து டீ கொடுத்ததும் இன்னும் நல்லவரானார். பலகையைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. இது யாருடைய யோசனை என்று கேட்டார். பள்ளியுடையதுதான் என்றார் எச்.எம். பிள்ளைகள் குறைவாகத் தெரிகிறார்களே என்று அதிகாரி ஒரு தரம் கேட்கத்தான் செய்தார். பெரிய பிள்ளைகள் பதின்மூன்று பேரை, மைன்ஸ் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைதானத்துக்குக் கபடி பழக அனுப்பியிருப்பதாக எச்.எம். சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மைதானம் ஒரு மைல். அதிகாரி நம்பிவிட்டார். அத்தை செய்த சாம்பாரைச் சாப்பிட்டார், ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார்.

நாலு மணிக்கு பெல் அடித்தது. நாங்கள் வரிசையாக வந்து டோக்கனைக் கழற்றிக்கொண்டோம். கடைசிப் பிள்ளையும் எடுத்த பிறகு, பலகையில் பதின்மூன்று தகரங்கள் மேற்கு வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கின.

டீச்சர் வாசலில் குறுக்கே நின்றார்.

"யாரும் வீட்டுக்குப் போக வேணாம்" என்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "சார், பதிமூணு டோக்கன் தொங்குது. மைதானத்துக்குப் போன புள்ளைங்க இன்னும் திரும்பல."

எச்.எம். சிரித்தார். அப்படியே வீட்டுக்குப் போயிருப்பார்கள், சின்னப் பசங்கள், டோக்கனை மறந்திருப்பார்கள் என்றார்.

"பதிமூணு பேருமா சார் மறப்பாங்க? அந்தப் பக்கம் மூடாத பழைய ஷாஃப்ட்டுக் குழி ரெண்டு கீது. தேடாம எப்படிப் போறது?"

அதிகாரியின் பேனா நின்றது. அவரும் பிள்ளை குட்டிக்காரர்.

எங்கள் பள்ளி பெல் என்பது டிராலி ஓடின தண்டவாளத்தில் வெட்டின ஒரு துண்டு. டீச்சர் இரும்புக் கம்பியை எடுத்து அதை அடிக்க ஆரம்பித்தார். மூன்று அடி இல்லை, ஐந்து அடி இல்லை. நிறுத்தாமல் அடித்தார். கை மாற்றி அடித்தார். எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ஆனால் காது மறக்கவில்லை. பாதி முகத்தில் சவரச் சோப்போடு ஒருவர் ஓடிவந்தார். கையெல்லாம் மாவோடு பெண்கள் ஓடிவந்தார்கள். மைன்ஸில் கால் போன தாத்தா ஒருவர் கட்டையை ஊன்றி வந்து, "எந்த ஷாஃப்ட்டு? எத்தினி பேரு?" என்று மட்டும் கேட்டார். மாமா கையில் ஸ்பானரோடு வந்து முன்வரிசையில் நின்றார். அத்தை சமையல்கட்டிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

டீச்சர் பதிவேட்டைக் கேட்டார். யார் யார் என்று தெரிந்தால்தானே தேடமுடியும்? அதிகாரியும் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க எச்.எம். என்ன செய்வார்? பீரோவில் சாவி போடவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

"முப்பது. சுரேஷ்" என்று படித்தார் டீச்சர்.

"எந்த சுரேஷு? மேஸ்திரி மவனா?" என்றது ஒரு குரல். "அவங்க ஒசூருக்குப் போயி ரெண்டு தீபாவளி ஆச்சே."

டீச்சர் முப்பதாம் டோக்கனைக் கழற்றி அதிகாரியின் மேஜைமேல் 'டக்' என்று வைத்தார்.

"முப்பத்தொண்ணு. கீதா."

"அவ பெங்களூர்ல பெரியம்மா வூட்ல படிக்கிறா டீச்சர்."

டக்.

முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும் அண்ணன் தம்பி. அவர்கள் பெயரைக் கேட்டதும் ஒரு பாட்டி, "அவங்க வூட்ல இப்போ என் ஆடுங்கதாம்மா கீது. அதுங்களுக்கும் டோக்கன் உண்டா?" என்றார். பயத்தில் வந்த கூட்டம் சிரித்தது. முப்பத்துநாலுக்கும் சிரித்தார்கள். முப்பத்தைந்துக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாவுக் கையோடு வந்திருந்த ஒரு அம்மா எச்.எம்.மைப் பார்த்துக் கேட்டார்.

"சாம்பார்ல பருப்பே இல்லியேன்னு கேட்டா, மேலேர்ந்து வரலைன்னு சொன்னீங்களே சார். இவங்கதான் தின்னுட்டுப் போனாங்களா?"

எச்.எம். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. "முப்பத்தாறு" என்றார்.

அவர் விரல் பதிவேட்டில் அப்படியே நின்றது. தலையைத் தூக்கி முன்வரிசையில் இருந்த மாமாவைப் பார்த்தார். அவர் பக்கத்தில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்ற அத்தையைப் பார்த்தார். தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து மாமா, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. முப்பத்தாறாம் டோக்கனைக் கழற்றினார். மேஜைமேல் வைக்கவில்லை. தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எச்.எம். முகத்தில் இருந்த சிவப்பு அப்போதுதான் வடிந்து, வெளுத்துப்போனது. அவர் தரையைப் பார்க்க ஆரம்பித்தவர் அப்புறம் நிமிரவேயில்லை.

"முப்பத்தேழு" என்று டீச்சர் மேலே படித்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. அவர் குரல் எப்போதும் அப்படித்தானே.

நாற்பத்திரண்டு வரை முடிந்ததும் அதிகாரி தன் ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். உண்மையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இருபத்தொன்பது என்றார் டீச்சர். அதிகாரி கொஞ்சம் தயங்கி, அப்படி எழுதினால் இந்தப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் அதிகம் என்று ஆகிவிடும், கடைசியாக வந்தவர் நீங்கள்தான், உங்களைத்தான் தூக்குவார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் சார். எழுதுங்க" என்றார் டீச்சர்.

அப்படியே நடந்தது. எச்.எம். நீண்ட லீவில் போனார், திரும்பி வரவில்லை. ஸ்கூட்டர் நின்றது, சாம்பாரில் பருப்பு தெரிந்தது. டீச்சரை பேத்தமங்களா பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். போகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "இனிமே உன் டோக்கனை மட்டும் மாட்டு" என்றார். அவ்வளவுதான். மாட்டியது நான்தான் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அத்தையின் சமையல் வேலையும் அந்த மாதக் கடைசியோடு போனது. "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டுப் போனா அந்த டோக்கன்காரி" என்று அத்தை கடைசிவரை திட்டினார். திட்டிக்கொண்டே மறுமாதம் என் அம்மாவோடு விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தார். முட்டி தேயும்வரை போனார். மறுபடி அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை.

பல வருஷம் கழித்து, படித்ததற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். உங்கள் பெயரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டார்கள். அந்த வருஷத்துப் பதிவேடும் இருந்தது. பன்னிரண்டு பெயர்கள்மேல் சிவப்புக் கோடு. பென்சிலில் முப்பத்தாறு என்று எழுதியிருந்த பெயர்மேல் மட்டும் கோடு இல்லை. அது அக்காவின் பெயர். பக்கத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். நான்காவது படிக்கும்போது செத்துப்போன அக்கா, அந்தப் பதிவேட்டில் ஐந்தாவது பாஸாகி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் டீச்சரின் குண்டு குண்டான எழுத்தில் "காலமானாள்" என்று இருந்தது.

அந்த டோக்கனைக் குத்தியது மாமா. என் கையில் கொடுத்தது அத்தை. மாட்டியது நான்.

வீட்டுக்கு வந்தேன். அத்தை வழக்கம்போல டீச்சரைத் திட்டினார். பதிவேட்டில் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. போன வருஷம் அத்தை போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆனால் அந்த இன்ஸ்பெக்‌ஷன் நாள் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் கணக்கிலும் தப்புக் கண்டுபிடிக்கிற டீச்சர், அத்தனை பேர் முன்னால் தப்புப் பண்ணியிருந்தார். அதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.

"மாமா, டீச்சர் பன்னெண்டு பேர்தான் படிச்சாங்க. முப்பத்தாறுன்னு சொல்லிட்டு உங்களையும் அத்தையையும் பாத்தாங்களா, அப்படியே பேரைப் படிக்காம வுட்டுட்டு முப்பத்தேழுக்குப் போயிட்டாங்க. நான் எண்ணினேன்."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு தட்டை அப்படியே விட்டு எழுந்து, நம்பர் குத்துகிற உளி கிடந்த வாசல் பக்கம் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

டீச்சரையே கணக்கில் ஜெயித்துவிட்ட பெருமையில், அவர் தட்டில் விட்டுப்போன முட்டையையும் நானே எடுத்துத் தின்றேன்.